ஜெயில் மேட்டில் மாட்டிய முகங்கள்! - ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு நடை

தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க் நகரில் பிராம்ஃபோன்டைன் என்றொரு பகுதி. கல்லூரி மாணவர்களும் காபிக் கடைகளும் நிறைந்த இடம். அதன் கிழக்கு ஓரத்தில் ஒரு மேடு. மேட்டில் நின்றால் ஒரு பக்கம் ஹில்ப்ரோவின் நெருக்கமான அடுக்குமாடி வீடுகள், அதில் காயப்போட்ட துணிகள். இன்னொரு பக்கம் நகரின் உயரமான கட்டடங்கள். அக்டோபரில் போனால் தெருவெங்கும் ஊதாநிற ஜகரண்டா பூக்கள் உதிர்ந்து கிடக்கும்.

இந்த மேட்டுக்குப் பெயர் ‘கான்ஸ்டிட்யூஷன் ஹில்’. அரசியல் சாசன மேடு என்று சொல்லலாம். நடுவில் அகலமான படிக்கட்டு இறங்குகிறது. படியில் இறங்கும்போது ஒரு கைப்பக்கம் பழைய சிறையின் கற்சுவர். மறு கைப்பக்கம் கண்ணாடி பதித்த நீதிமன்றம். நாட்டின் மிக உயர்ந்த அரசியல் சாசன நீதிமன்றம் அது. காலுக்குக் கீழே இருக்கும் செங்கற்களை நன்றாகப் பாருங்கள். விசாரணைக் கைதிகளை அடைத்துவைத்திருந்த கட்டடத்தை இடித்து, அதே செங்கற்களை எடுத்துத்தான் இந்தப் படிகளையும் நீதிமன்றத்தின் சுவர்களையும் கட்டியிருக்கிறார்கள். இடித்த கட்டடத்தின் நான்கு மாடிப்படிக் கூண்டுகளை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். வீடு இல்லாத மாடிப்படிகள்!

சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் காந்தியையும் மண்டேலாவையும் தேடித்தான் இங்கே வருகிறார்கள். இரண்டு பேருமே இங்கே கைதியாக இருந்தவர்கள். காந்தி 1908-ல் அடைக்கப்பட்ட ‘நம்பர் ஃபோர்’ சிறையும், மண்டேலா வைக்கப்பட்ட பழைய கோட்டையும் இன்று அருங்காட்சியகங்கள். அவற்றைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். அதே வளாகத்தில் இருக்கும் பெண்கள் சிறைக்குள் நடந்த இரண்டு கதைகள்தான் நம் பக்கம் அதிகம் பேசப்படாதவை. இரண்டுமே படங்களைப் பற்றிய கதைகள். ஒன்று சிறைக்குள் வரைந்த படங்கள். இன்னொன்று, சிறை மூடி இருபத்தாறு ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் மாட்டிய புகைப்படங்கள். அந்தப் புகைப்படங்களைப் பார்த்துவிட்டு, விழாவில் பேச வந்த ஓர் அமைச்சரே எழுந்து போய்விட்டார்.

கூரை வழியே வெளிச்சம், கீழே கம்பி

பெண்கள் சிறை வெளியே இருந்து பார்க்க அழகான கட்டடம். சிவப்புச் செங்கல், நடுவே வட்டமான கூடம், மேலிருந்து கொட்டும் வெளிச்சம். யாரோ பணக்காரர் வீட்டு முன்கூடம் மாதிரி இருக்கிறது. நடுவில் நின்றால் சுற்றிலும் எல்லா அறைகளையும் காவலர் கண்காணிக்கலாம் என்பதற்காகவே இந்த வட்டம். வெள்ளையர் பெண்களுக்குத் தனிப் பகுதி, கறுப்பினப் பெண்களுக்குத் தனிப் பகுதி. சிறையிலும் நிறம் பார்த்தார்கள்.

கறுப்பினப் பெண்கள் பலர் இங்கே வந்ததற்குக் காரணம் கொலையோ கொள்ளையோ கிடையாது. கையில் ‘பாஸ்’ என்ற அனுமதிச் சீட்டு இல்லாமல் நகரத்தில் நடந்தது, வீட்டில் பியர் காய்ச்சி விற்றது... இவைதான் ‘குற்றங்கள்’. 1958-ல் பாஸ் சட்டத்தை எதிர்த்து ஜோஹன்னஸ்பர்க் தெருவில் இறங்கிய பெண்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். கர்ப்பிணியாக இருந்த வின்னி மண்டேலாவும் அவர்களில் ஒருவர்.

1976-ல் இங்கே இன்னொரு பெண் வந்து சேர்ந்தார். ஃபாத்திமா மீர். டர்பனைச் சேர்ந்த இந்திய வம்சாவளி சமூகவியல் பேராசிரியர், கறுப்பினப் பெண்கள் கூட்டமைப்பின் தலைவர். விசாரணை எதுவும் இல்லாமல் 113 நாள்கள் உள்ளே வைத்தார்கள். சும்மா இருப்பாரா? சிறையின் அன்றாடத்தை வண்ணத்தில் வரைய ஆரம்பித்தார். முற்றம், கம்பி, கூட்டமாக உட்கார்ந்திருக்கும் பெண்கள். படங்கள் ரகசியமாக வெளியே போயின. வெளியில் இருந்தவர்களுக்கு இந்தச் சுவருக்குள் என்ன நடக்கிறது என்று காட்டப் புகைப்படம் ஒன்றுகூடக் கிடைக்காத காலம் அது. ஒரு கைதியின் தூரிகைதான் கேமராவாக வேலை செய்தது. பிற்பாடு அந்தப் படங்கள் இதே வளாகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

1983-ல் சிறையை மூடினார்கள். இன்று இந்த வளாகத்திலேயே பாலினச் சமத்துவ ஆணையத்தின் அலுவலகம் இயங்குகிறது. பெண்களைப் பூட்டிவைத்த இடத்தில் பெண்களுக்கான ஆணையம். இந்த ஊர்க்காரர்களுக்கு இப்படி ஒரு பிடிவாதம் உண்டு!

மைக் வரைக்கும் போகாத அமைச்சர்

2009 ஆகஸ்ட். தென்னாப்பிரிக்காவில் ஆகஸ்ட் பெண்கள் மாதம். 1956 ஆகஸ்ட் 9-ல் சுமார் 20,000 பெண்கள் பிரிட்டோரியா அரசு மாளிகைக்கு ஊர்வலம் போன நினைவாக அந்த மாதம் முழுக்க விழா. பெண்கள் சிறையில் கறுப்பினப் பெண் ஓவியர்கள், கலைஞர்களின் கண்காட்சி ஒன்றை ஏற்பாடு செய்திருந்தார்கள். பண உதவி செய்தது அரசின் கலை பண்பாட்டுத் துறை. பேச வந்தவர் அந்தத் துறையின் அமைச்சரே. பெயர் லூலூ ஷிங்வானா.

சுவரில் சில புகைப்படங்கள். இரண்டு பெண்கள், ஒருவரை ஒருவர் அணைத்தபடி. வேறொன்றும் இல்லை. அமைச்சர் பார்த்தார். பேசாமலே கிளம்பிவிட்டார். சில மாதங்கள் கழித்துச் செய்தி வெளியில் வந்தபோது, படங்கள் ஒழுக்கக்கேடானவை, தேசத்தைக் கட்டியெழுப்பும் வேலைக்கு எதிரானவை என்பது அவர் தரப்பு விளக்கமாக இருந்தது.

அப்படி என்ன சட்டம் மீறிய படங்கள்? ஒன்றும் இல்லை. பாலீர்ப்பின் பெயரால் யாரையும் பாகுபாடு செய்யக் கூடாது என்று அரசியல் சாசனத்திலேயே எழுதிவைத்த உலகின் முதல் நாடு தென்னாப்பிரிக்காதான். அந்தச் சாசனத்தைக் காக்கும் நீதிமன்றம், அமைச்சர் நடந்துபோன வாசலில் இருந்து சில நிமிட நடைதான். தன்பாலினத் திருமணமே அந்த நாட்டில் அப்போது சட்டமாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. சட்டம் ஏறிவிட்ட படியில் அமைச்சரால் ஏற முடியவில்லை. அதற்கடுத்த ஆண்டு, அமைச்சரவை மாற்றத்தில் அவருக்கு என்ன துறை கிடைத்தது தெரியுமா? பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் நலத் துறை!

அந்தப் புகைப்படங்களை எடுத்தவர் ஸானெலே முஹோலி.

வீட்டு வேலை பார்த்த தாயின் பிள்ளை

முஹோலி 1972-ல் டர்பன் நகரை ஒட்டிய உம்லாசி என்ற கறுப்பினக் குடியிருப்பில் பிறந்தவர். பிறந்த கொஞ்ச காலத்திலேயே தந்தை இறந்துவிட்டார். தாய் பெஸ்டர், வெள்ளையர் குடும்பம் ஒன்றில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வீட்டு வேலை பார்த்தவர். முஹோலி தன்னை ஆண் என்றோ பெண் என்றோ சொல்லிக்கொள்வதில்லை. ஆங்கிலத்தில் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘ஹி’, ‘ஷி’ இரண்டையும் விட்டுவிட்டு ‘தே’ என்று எழுதுகிறார்கள். பலருக்கு அது இன்னும் பழகவில்லை. தமிழுக்கு அந்தச் சிக்கலே கிடையாது. ‘அவர்’ என்று மரியாதையாக எழுதினால் வேலை முடிந்தது.

கறுப்பின லெஸ்பியன் பெண்களுக்காக ஓர் அமைப்பை 2002-ல் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கினார். இணைய இதழ் ஒன்றில் செய்தியாளராகவும் இருந்தார். குடியிருப்புகளில் பெண்களைக் காதலிக்கும் பெண்கள் மீது நடக்கும் தாக்குதல்களை எழுதிவைப்பது அவர் வேலை. ‘உன்னைத் திருத்துகிறோம்’ என்ற பெயரில் நடக்கும் பாலியல் வன்முறை அங்கே அப்போது பரவலாகப் பேசப்பட்ட கொடுமை. பாதிக்கப்பட்டவர்களிடம் பேசப் பேச, எழுத்து மட்டும் போதாது என்று கேமராவைப் படித்தார். ஜோஹன்னஸ்பர்க்கின் நியூடவுன் பகுதியில், புகழ்பெற்ற புகைப்படக்காரர் டேவிட் கோல்ட்பிளாட் 1989-ல் தொடங்கிய பயிற்சிப் பள்ளி ஒன்று உண்டு. நிறவெறிக் காலத்தில் கறுப்பின இளைஞர்களும் கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்ட இடம். அங்கே படிப்பை முடித்த அடுத்த ஆண்டு, 2004-ல், நகரின் கலைக்கூடத்தில் முஹோலியின் முதல் தனிக் கண்காட்சி.

தன்னைக் கலைஞர் என்று சொல்வதைவிடக் காட்சிவழிச் செயற்பாட்டாளர் என்று சொல்லவே அவருக்குப் பிடிக்கும். அது ஏன் என்பது 2006-ல் தொடங்கிய வேலையைப் பார்த்தால் புரியும்.

வருகைப் பதிவேடு

அந்தத் தொடருக்கு ‘ஃபேசஸ் அண்ட் ஃபேஸஸ்’ என்று பெயர். முகங்கள், பருவங்கள். எல்லாமே கறுப்பு வெள்ளை. கறுப்பின லெஸ்பியன் பெண்கள், திருநம்பிகள், ஆண் பெண் என்ற இரண்டு பெட்டிக்குள் அடங்காதவர்கள். இடுப்புக்கு மேலான படம், நேராகக் கேமராவைப் பார்க்கும் கண். அழுகை இல்லை, காயம் இல்லை, முகத்தை மறைக்கும் நிழல் இல்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, பண்டிகைக்குத் துணி வாங்கியவர்கள் மாதிரி நிற்கிறார்கள்.

படத்தின் கீழே மூன்றே விவரங்கள். பெயர், ஊர், ஆண்டு. அவ்வளவுதான். ஆனால் இந்த மூன்றும்தான் முக்கியம். பத்திரிகையில் இவர்களைப் பற்றி வரும் செய்திகளில் பெரும்பாலும் பெயர் இருக்காது, அல்லது இறந்த பிறகுதான் பெயர் வரும். இங்கே உயிரோடு இருக்கும்போதே பெயர் சொல்லி, ஊர் சொல்லி, ‘இருக்கிறேன்’ என்கிறார்கள். பள்ளியில் டீச்சர் பெயர் கூப்பிட, ‘உள்ளேன் ஐயா’ சொல்வது மாதிரி ஒரு வருகைப் பதிவேடு. படத்தில் இருப்பவர்களை ‘மாடல்’ என்றும் முஹோலி சொல்வதில்லை. பங்கேற்பாளர்கள் என்பார்.

முதல் முகம் பூசி சிகாசா. கவிஞர், எச்.ஐ.வி தொற்றோடு வாழ்கிறவர்களுக்காகக் குரல் கொடுத்தவர். 2006-ல் இதே பிராம்ஃபோன்டைனில் எடுத்த படம். அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். தொடங்கியபோதே பதிவேட்டில் ஒருவர் இல்லை.

அதற்குப் பிறகு வந்த செய்திகளும் சாதாரணமானவை அல்ல. 2008 ஏப்ரலில் நாட்டின் பெண்கள் கால்பந்து அணிக்காக விளையாடிய யூடி சிமெலானே, க்வாதேமா என்ற தன் சொந்த ஊரிலேயே கொல்லப்பட்டார். தான் லெஸ்பியன் என்பதை அவர் மறைத்ததில்லை. அந்த ஊரில் ஒரு சிறிய பாலத்துக்கு இன்று அவர் பெயர். 2012-ல் முஹோலியின் கேப் டவுன் வீட்டில் திருடர்கள் புகுந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகள் போயின. ஐந்து ஆண்டு உழைப்பு. வெறுப்புக் கொலைகளில் இறந்தவர்களின் இறுதிச் சடங்குப் படங்களும் அதில் இருந்தன. புகைப்படக்காரர்களுக்கு இது எப்படிப்பட்ட இழப்பு என்று தெரியும். போனில் உள்ள படங்கள் அழிந்துவிட்டாலே நமக்கு நாலு நாள் சாப்பாடு இறங்காது!

முஹோலி மறுபடியும் படம் எடுக்கக் கிளம்பினார். தொடர் இன்று ஐந்நூறு படங்களைத் தாண்டிவிட்டது. கண்காட்சிகளில் இந்த முகங்களைப் பெரிய சுவரில் வரிசையாக, கட்டம் கட்டமாக மாட்டுவார்கள். நடுவில் அங்கங்கே சில கட்டங்கள் வெறுமையாக இருக்கும். படம் விழுந்துவிட்டதோ என்று நினைக்கத் தோன்றும். வேண்டுமென்றே விட்ட இடம் அது. சில கட்டங்கள் இறந்துபோனவர்களுக்கு, சில கட்டங்கள் இனிமேல் எடுக்கப்போகும் படங்களுக்கு. எது யாருக்கானது என்று எழுதியிருக்காது.

தமிழ்ப் பெண்களும் ஒரு கல்யாணச் சட்டமும்

பெண்கள் சிறையில் இருந்து வெளியே வந்து மறுபடி நீதிமன்றத்துக்குப் போகலாம். பெரிய மரக் கதவு. சாசனம் தரும் 27 உரிமைகளை அந்த நாட்டின் மொழிகளில் செதுக்கியிருக்கிறார்கள். நீதிபதிகள் உட்காரும் இடத்தில் நீளமாக ஒரு ஜன்னல். அதன் வழியே தெருவில் நடந்துபோகிறவர்களின் கால்கள் தெரியும். தீர்ப்பு யாருக்காக என்பதை மறக்கக் கூடாது என்று அப்படிக் கட்டினார்களாம்.

நீதிமன்றத்துக்குள் ஒரு கலைக்கூடமே இருக்கிறது. தொடங்கியவர்கள் நீதிபதிகள் ஆல்பி சாக்ஸும் யுவோன் மொகோரோவும். அங்கே ஒரு நீல நிற கவுன் தொங்குகிறது. முழுக்க நீல பிளாஸ்டிக் பைகளைத் தைத்துச் செய்தது. ஜூடித் மேசன் என்ற ஓவியரின் கைவேலை. நிறவெறி அரசின் போலீஸ் 1988-ல் ஃபிலா இண்ட்வாண்ட்வே என்ற போராளியைப் பிடித்து, ஆடையைப் பறித்து, கடைசிவரை காட்டிக்கொடுக்காத அவரைச் சுட்டுக் கொன்றது. கொன்றவர்களே பின்னாளில் உண்மை கண்டறியும் ஆணையத்தில் இதைச் சொன்னார்கள். உடலைத் தோண்டி எடுத்தபோது இடுப்பில் ஒரு நீல பிளாஸ்டிக் பை. கிடைத்ததை வைத்து மானத்தை மறைத்துக்கொண்டிருக்கிறார் அந்தப் பெண். வானொலியில் அதைக் கேட்ட மேசன், அவருக்காக ஓர் உடை தைத்தார். நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் சாயம் போகாமல் தொங்குகிறது. பார்க்கிறவர்கள் சத்தமாகப் பேசுவதில்லை.

2005 டிசம்பர் 1-ல் இந்த நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை எழுதியவர் அதே ஆல்பி சாக்ஸ். பத்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்து வாழ்ந்த இரண்டு பெண்கள், தங்கள் உறவைத் திருமணமாக ஏற்கக் கோரிய வழக்கு. ஏற்க மறுப்பது சாசனத்துக்கு விரோதம் என்றது நீதிமன்றம். சட்டத்தை மாற்ற நாடாளுமன்றத்துக்கு ஓராண்டு கெடு. கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது, 2006 நவம்பர் 30-ல் சட்டம் வந்தது. உலகில் ஐந்தாவது நாடு, ஆப்பிரிக்காவில் முதல் நாடு.

இந்த இடத்தில் தமிழ் வாசகர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ‘யாருடைய கல்யாணம் செல்லும்?’ என்ற கேள்வி தென்னாப்பிரிக்க நீதிமன்றத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை கிடையாது. 1913-ல் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்பு சொன்னார். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவாகாத திருமணங்கள் சட்டப்படி திருமணங்களே இல்லை என்பது அதன் பொருளாக ஆயிற்று. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான இந்துப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் மனைவி என்ற இடத்தை இழந்தார்கள். காந்தியின் போராட்டத்தில் அதுவரை வெளியே நின்ற பெண்கள் அதன் பிறகுதான் சிறைக்குப் போகத் துணிந்தார்கள். ஜோஹன்னஸ்பர்க்கில் முதலில் கிளம்பியவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள்.

தில்லையாடி வள்ளியம்மையை நமக்குத் தெரியும். சென்னை எழும்பூர் பாந்தியன் சாலையில் கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்துக்கே அவர் பெயர்தான். பாடப் புத்தகத்தில் படித்த அந்தப் பெண் பிறந்தது இந்த ஜோஹன்னஸ்பர்க்கில். மாரிட்ஸ்பர்க் சிறையில் காய்ச்சலில் விழுந்து, வெளியே வந்த சில வாரங்களில் 1914 பிப்ரவரி 22-ல் இறந்தார். வயது 16. அவர் கல்லறை இந்த மேட்டுக்கு மேற்கே, பிராம்ஃபோன்டைன் இடுகாட்டில் இருக்கிறது. பக்கத்திலேயே நாகப்பன் என்ற 18 வயது இளைஞரின் கல்லறையும் உண்டு. சிறைக் கொடுமையில் 1909-ல் இறந்தவர். நினைவுக் கற்களைக் காந்தியே 1914 ஜூலையில் திறந்துவைத்தார். தென்னாப்பிரிக்க தேசிய கீதத்தின் பாடலை இயற்றிய ஈனாக் சொன்டோங்காவும் அதே இடுகாட்டில்தான் உறங்குகிறார். கான்ஸ்டிட்யூஷன் ஹில் போகிற தமிழர்கள் அப்படியே அங்கேயும் ஒரு நடை போய்வரலாம்.

1913-ம் 2005-ம் வேறு வேறு போராட்டங்கள். ஒன்றோடு ஒன்றைப் போட்டுக் குழப்ப வேண்டியதில்லை. ஆனால் ‘உங்கள் கல்யாணம் எங்கள் கணக்கில் கல்யாணமே கிடையாது’ என்று ஒரு சட்டம் சொல்லும்போது வலிக்கிற இடம் இரண்டிலும் ஒன்றுதான். இந்தியாவில் தன்பாலின உறவு குற்றமில்லை என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, தென்னாப்பிரிக்க நீதிமன்றம் 1998-ல் தந்த தீர்ப்பையும் எடுத்துக் காட்டியது. திருமண உரிமை கேட்ட வழக்கில் 2023 அக்டோபரில் அதே உச்ச நீதிமன்றம், அது நாடாளுமன்றத்தின் வேலை என்று விட்டுவிட்டது.

தெருவில் படுத்த பெண்கள்

சட்டம் கிடைத்த பிறகும் ஏன் இவர்கள் படம் எடுத்துக்கொண்டும் போராடிக்கொண்டும் இருக்கிறார்கள் என்ற கேள்வி சிலருக்கு வரும். அதற்குப் பதில் இந்த நகரத்தின் இரண்டு ஊர்வலங்களில் இருக்கிறது.

முதலாவது 1990 அக்டோபர் 13. ஆப்பிரிக்காவின் முதல் ‘பிரைட்’ ஊர்வலம் இந்த பிராம்ஃபோன்டைனில் இருந்துதான் கிளம்பியது. முன்னால் நடந்தவர்கள் சைமன் இன்கோலியும் பெவர்லி டிட்ஸியும். அப்போது தன்பாலின உறவு சட்டப்படி குற்றம். வேலை போய்விடும், வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்த சிலர் தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு, கண்ணுக்கு ஓட்டை போட்டுக்கொண்டு நடந்தார்கள். சோவெட்டோ பெண்ணான டிட்ஸிக்கு வயது இருபதுக்குள். ஐந்து ஆண்டுகளில் அவர் பெய்ஜிங்கில் நடந்த ஐ.நா. பெண்கள் மாநாட்டு மேடையில் நின்று, தன்பாலீர்ப்புள்ள பெண்களின் உரிமையும் பெண்ணுரிமைதான் என்று பேசினார். பிறகு தன் நண்பர் இன்கோலியைப் பற்றி ஓர் ஆவணப்படமும் எடுத்தார்.

இரண்டாவது 2012 அக்டோபர் 6. அதற்குள் பிரைட் ஊர்வலம் வசதியானவர்கள் வாழும் ரோஸ்பேங்க் பக்கம் போய்விட்டது. அலங்கார வண்டிகள், இசை, கொண்டாட்டம். திடீரென்று இருபது பேர் போலச் சாலையின் குறுக்கே வந்து படுத்துவிட்டார்கள். பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். கூடவே ஆள் உயரப் பொம்மைகள், பிணங்களைப் போல. ‘நீதிக்காகச் சாகிறோம்’ என்ற பேனர். கொல்லப்பட்டவர்களுக்காக ஒரே ஒரு நிமிடம் மௌனம் வேண்டும் என்பதுதான் கோரிக்கை. ஊர்வலக்காரர்கள் சிலர் கோபத்தில் கத்தினார்கள். தள்ளுமுள்ளு ஆனது. ஒரு நிமிட மௌனம் கிடைக்கவில்லை.

இது சொந்த வீட்டுச் சண்டைதான். ஆனால் மறைக்க வேண்டிய சண்டை கிடையாது. ஒரே கொடியின் கீழே நடந்தாலும் குடியிருப்பில் வாழும் கறுப்பினப் பெண்ணின் பயமும், பணக்காரப் பகுதியில் வாழ்கிறவரின் பயமும் ஒரே அளவில்லை. அந்தப் பெண்கள் தார்ச்சாலையில் படுத்துக் காட்டியதும் அதைத்தான். ஊர்வலத்தை நடத்திய அமைப்பு அடுத்த ஆண்டே கலைக்கப்பட்டது. அந்த நிகழ்வின் வீடியோவைப் பார்க்கிறவர்களுக்கு, ஒரு நாடகத்தின் நடுவில் பார்வையாளர்களே நடிகர்களாகிவிட்டது போலத் தோன்றும்.

துணிக் கிளிப்பில் ஒரு கிரீடம்

முஹோலியின் இன்னொரு தொடரைச் சொல்லாமல் விட முடியாது. ‘சொம்ன்யாமா இங்கொன்யாமா’. ஸுலு மொழிப் பெயர். கரும்பெண் சிங்கத்துக்கு வாழ்த்து என்று அர்த்தம் சொல்லலாம். இதில் எல்லாப் படத்திலும் முஹோலியே. தோலின் கறுப்பை அச்சில் இன்னும் அடர்த்தியாக்கி, கண்ணின் வெள்ளை மட்டும் பளிச்சென்று தெரியும்படி செய்திருப்பார்.

அதில் தாய் பெஸ்டரின் பெயரிலேயே சில படங்கள். ஒன்றில் தலை நிறையத் துணி காயப்போடும் கிளிப்புகள். காதிலும் அதே கிளிப்புகள்தான் கம்மல். தூரத்தில் இருந்து பார்த்தால் ராணியின் கிரீடம். கிட்டப் போனால் கொடியில் கிடக்கும் கிளிப்பு. நாற்பது ஆண்டுகள் அடுத்தவர் வீட்டுத் துணியைத் துவைத்துக் காயப்போட்ட கைக்கு மகுடம் செய்ய வேறு எந்தப் பொருள் பொருத்தமாக இருக்கும்? பெஸ்டர் 2009-ல் இறந்துவிட்டார். இந்தப் படங்கள் வெனிஸ் கலை விழாவரை போயின. 2020-ல் லண்டனின் டேட் மாடர்ன் அருங்காட்சியகம் முஹோலிக்குப் பெரிய கண்காட்சியே வைத்தது.

பிராம்ஃபோன்டைனில் இருந்து நெல்சன் மண்டேலா பாலம் வழியாக ரயில் தண்டவாளங்களைத் தாண்டினால் நியூடவுன். முஹோலி படித்த புகைப்படப் பள்ளி இந்தப் பக்கம்தான். இந்தப் பக்கம் வருகிறவர்கள் கேமராவைப் பையில் வைத்துக்கொள்வது நல்லது என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள். நகரம் இன்னும் அப்படித்தான். பெயர் வந்த பிறகும் முஹோலி தனியாக வேலை செய்வதில்லை. இளைஞர்களுக்குக் கேமரா பிடிக்கச் சொல்லிக் கொடுப்பதும், வெளிநாட்டுக் கண்காட்சித் திறப்புகளுக்குப் படத்தில் இருப்பவர்களையே கூட அழைத்துப் போவதும் வழக்கம். 2013-ல் கட்லெஹாங்கில் நடந்த இரண்டு பெண்களின் கல்யாணத்தைப் படம் எடுத்து, அடுத்த ஆண்டு ஜோஹன்னஸ்பர்க் கண்காட்சியில் இறுதிச் சடங்குப் படங்களுக்குப் பக்கத்திலேயே மாட்டினார். அதே குடியிருப்புகளில், அதே மாதங்களில் இரண்டும் நடந்துகொண்டிருந்தன.

தொடரின் பெயரில் ‘பருவங்கள்’ என்ற சொல் ஏன் வந்தது என்பது சில முகங்களை இரண்டாவது தடவை பார்க்கும்போது தெரிகிறது. முன்பு படம் எடுத்தவர்களையே பல ஆண்டுகள் கழித்துத் தேடிப்போய் மறுபடியும் எடுக்கிறார் முஹோலி. அதே நேரான பார்வை. முடி மாறியிருக்கிறது, கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறது, சிலருக்குப் பெயரே மாறியிருக்கிறது. இரண்டு படங்களின் கீழேயும் ஊரும் ஆண்டும் இருக்கின்றன. இரண்டாவது படத்தில் அவர்களுக்கு வயது கூடியிருக்கிறது.